நாலரை மணி நேரம் பின்னாடி

— இதுவும் சரி அத்தை! இன்னொரு கடிகாரக் கணக்கு போடுங்க.

— போடுறேன் கண்ணு. இது உன் புத்தகத்துல இல்லாத கணக்கு. ஒரு ஆஸ்பத்திரி அறை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சுவத்துக் கடிகாரத்துல ரெண்டு முள்ளும் ஒரே கோடா நிக்குது, பெரிசு மேலே, சின்னது கீழே. மணி என்ன?

— ஆறு! இதெல்லாம் ஒரு கணக்கா?

— அக்கா, அவ முதல்ல சாப்பிடட்டும்.

— நீ சும்மா இரு தம்பி. மக அறிவாளின்னா உனக்குத்தானே பெருமை? கேளு கண்ணு. கட்டில்ல ஒரு பெரியவர். மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. மகன் குரலை ஒரு தடவை கேட்டுட்டா போதும்ங்கறார். பொண்ணு போன் போடுறா. மகன் இருக்கற ஊரு நாலரை மணி நேரம் பின்னாடி. அங்கே மணி?

— ஆறுல நாலரை போனா... ஒன்றரை. சின்ன முள்ளு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல.

— பகலா, ராத்திரியா?

— பகல்தான்.

— அக்கா, வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன்.

— போன வருஷம் அப்பா கெஞ்சினாருடா! ரிங் போயி போயி நின்னுச்சு. "இங்கே அப்ப ராத்திரி அக்கா, அசந்து தூங்கிட்டேன்"னே. நமக்கு வெளிநாடுன்னா ராத்திரி, அவ்வளவுதானே கணக்கு? நம்பிட்டோம். நேத்து இவ உங்க ஊரு மணி இதுன்னு முள்ளைத் திருப்பித் திருப்பிக் காட்டினா பாரு, அப்பத்தான் என் மரமண்டையில ஏறுச்சு. முன்னாடி இல்ல, பின்னாடி!

— அதுக்குக் குழந்தையை ஏன் இழுக்கறே? என்னை அறைஞ்சுடு.

— அறைஞ்சா வீங்கும், ரெண்டு நாள்ல வத்திடும். அப்பா கதவையே பார்த்துக்கிட்டுப் போனாரே, அது வத்தவே இல்லடா எனக்கு. உனக்கும் வத்தக் கூடாது. இவ உன்னைப் பார்க்கற பார்வையில தினம் தினம் தெரியணும்.

— குட்டி, நீ உள்ளே போம்மா.

— எங்கயும் போகக் கூடாது. சொல்லு கண்ணு, பட்டப்பகல்ல ராத்திரின்னு சொன்னது நிஜமா, பொய்யா?

— ...பொய்.

— யார் சொன்ன பொய்?

— அப்பா.

— கேட்டியாடா? பெத்த மக வாயாலேயே கேட்டியா?

— கேட்டுட்டேன். நான் பொய்யன்தான், பாவிதான். குளுந்துச்சா மனசு? இத்தோட விடு.

— அத்தை, ஆனா...

— குட்டி, வாயைத் திறக்காதே! தப்பு அப்பாவோடது. முடிஞ்சுது.

— இல்லப்பா. நீங்க அன்னிக்கு மத்தியானம் கடைக்குப் போயிருந்தீங்க, உங்க போன் என்கிட்டல்ல இருந்துச்சு? அத்தை, உங்க போட்டோ வந்துச்சு. எடுத்தா விளையாட்டு நின்னுடுமேன்னு நான்தான் சத்தத்தை அமுக்கினேன்... அது தாத்தாவா அத்தை?