எந்த ஊரு?

சிலிபின் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் கையில் சிவப்பு அடையாள அட்டை இருந்தது.

“ஒரே வார்த்தையில வெளிநாட்டுக்காரி ஆயிட்டேன்க்கா.”

“என்னா சொன்ன?” என்றாள் மூத்தவள்.

“இந்த ஐசி அட்டை எடுக்கப் போனப்ப ஆபீசுல எழுதுற கிராணி எந்த ஊருன்னு கேட்டாரு. நாமக்கல்னு சொல்லிட்டேன்.”

“நீ இங்க தாப்பா தோட்டத்துல பொறந்தவதானே?”

“தோட்டத்துல எந்த ஊருன்னு கேட்டா அப்பா கப்பலேறி வர்றதுக்கு முன்ன இருந்த ஊரத்தானே சொல்வோம்? அதையே பொறந்த எடமா எழுதிட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கும் பிள்ளைங்களுக்கும் நீல ஐசி. எனக்கு மட்டும் சிவப்பு. இங்க தங்கலாமாம், குடியுரிமை இல்லையாம்.”

“திருத்தச் சொன்னியா?”

“இன்னிக்குப் போயி தாப்பான்னு சொன்னேன். அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யான்னு கேக்குறாங்க.”

மூத்தவள் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“நாமக்கல் எப்படி இருக்கும்?”

“நான் எங்கக்கா பாத்தேன்?”