இறக்கத்தில் இடது கிளச்சு

எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு மனம் ஆறும். உப்புவெளியில் மோட்டார் வேலை படிக்க மாலை வகுப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். இப்போது உங்கள் கையில் இருப்பது அதுதான், ஐயா.

மீனவர் சங்கத்துக்கு ஒரு லான்ட்மாஸ்டர், இரண்டு சக்கரக் கை உழவு இயந்திரம், உண்டு. பின்னால் பெட்டி பூட்டி, ஐஸ் ஏற்றி, இறங்குதுறைக்கு இறக்குவது. அதை ஓட்ட நானும் மெல்ரோயும் விண்ணப்பித்தோம். மெல்ரோயை எடுத்தார்கள். அவனைப் பழக்கிவிடும்படி என்னிடமே சொன்னார்கள். எனக்குக் கோபம் இல்லை. அன்றைய பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஐந்து நாள் சமதரையில் பழக்கினேன். கைப்பிடியில் இரண்டு கிளச்சு, சக்கரத்துக்கு ஒன்று. இடதை அழுத்தினால் இடச் சக்கரம் எஞ்சினிலிருந்து விடுபட்டு, வண்டி இடப்பக்கம் திரும்பும். அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

“கஜீபன் அண்ணை, கொப்பியைப் பாக்காமல் ஒருக்காலாவது ஓடுவீங்களோ? இல்லாட்டிக் கொப்பிதான் ஓடுதோ?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இறக்கத்துக்கும் சரியாகவே சொல்லிக் கொடுத்தேன். பிரேக்கை நம்பாதே, முதலாம் கியரில் போட்டு எஞ்சினே பாரத்தைப் பிடிக்க விடு என்றேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது கிளச்சு மாறி வேலை செய்யும். எஞ்சின் பிடித்த சக்கரம் மெதுவாகும், விடுபட்ட சக்கரம் முந்தும். இடதை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் போகும். எனக்கே இதில் சந்தேகம் இருந்தது. ஆகவே வியாழன் காலை, ஐஸ் அளவுக்கு மணல் மூட்டை ஏற்றி மூன்று முறை இறங்கிப் பார்த்தேன். மூன்று முறையும் அப்படித்தான்.

இறக்கத்தின் நடுவில் வீதி இடப்பக்கம் வளைகிறது. வலப்பக்கம் தடுப்பு இல்லை. கீழே பாறை, கடல்.

வெள்ளிக்கிழமை அவன் ஐஸுடன் இறங்கினான். நான் மேலேயே பெட்டியை விட்டு இறங்கிக்கொண்டேன். இறக்கத்தில் பெட்டியில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்றும் கொப்பியில் உண்டு.

வளைவில் அவன் குரல் கேட்டது. “அண்ணை, மற்றப் பக்கமெல்லே இழுக்குது. இடதுதானே அமத்திறது?”

“ஓம், இடதுதான். விடாமல் அமத்து” என்று மேலிருந்து உரக்கச் சொன்னேன்.

உயிரில்லாமல்தான் அவனைப் பாறைகளுக்கிடையிலிருந்து எடுத்தார்கள். ஐந்து நாளும் கொப்பி அவன் கையெட்டும் தூரத்தில் கிடந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. திறந்து பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, வியாழக்கிழமைக் குறிப்பின் கீழே ஒரு வரி சேர்த்தேன். நான்காவது முறையும் அப்படித்தான்.