நூற்றியொரு டிகிரி

என் கையெழுத்து அழகாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்ற நர்சுகள் எல்லாம் கிறுக்குவார்கள். அதனாலேயே உத்தமபாளையத்தில் எங்கள் நர்சிங் ஹோமில் காய்ச்சல் அட்டை எழுதுவது இந்த அனிதா மேரியின் பொறுப்பாகிவிட்டது. பதினாறு வருடமாக நான்தான் எழுதுகிறேன்.

டாக்டர் அஸ்லம் நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாதவர்களிடம் பீஸ் கேட்கக் கூச்சப்படுவார். பெரிய ஆஸ்பத்திரிகள் வந்த பிறகு எங்கள் பன்னிரண்டு கட்டிலில் பாதி காலி. மூன்று மாதம் சம்பளம் நின்றுபோனது. காரை விற்று ஒரு மாதத்தை மட்டும் கொடுத்தார். "கோவிச்சுக்கிறாதீக சிஸ்டர், அடுத்த மாசம் சரியாயிரும்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். எங்கள் ஆயா செலின் மத்தியானச் சோற்றை மிச்சம் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவாள். யாராவது ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆனால் டிஸ்சார்ஜ், அதுதான் எங்கள் வழக்கம். காய்ச்சல் விட்டவர்களுக்கும் விடாத மாதிரி நான் அட்டையில் எழுதினேன். ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள். கட்டில் வாடகை வரும், அவ்வளவுதான். கூடுதலாகப் படுத்திருந்தால் உடம்புக்கு நல்லதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது பேருக்கு அப்படி எழுதினேன். எல்லோரும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

முனீஸ்வரி பத்தாவது ஆள். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவள். டெங்கு. அந்த நோயில் காய்ச்சல் அடிக்கும்போது அவ்வளவு பயமில்லை. அது விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள்தான் ஆளைக் கொண்டுபோகும். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. அட்டையில் நூற்றியொன்று என்று எழுதினேன்.

"மேலு சில்லுன்னு இருக்குக்கா. வீட்டுக்குப் போகவா? புள்ளைக தேடும்."

"காய்ச்சல் இன்னும் இருக்கு ஆத்தா. பேசாமப் படு."

டாக்டர் அட்டையைப் பார்த்தார். "இன்னும் விடலையா? விட்டதும் ஒடனே என்னையக் கூப்பிடுங்க சிஸ்டர், அப்பத்தான் ஆபத்து" என்று சொல்லிவிட்டுக் கம்பத்துக்குக் கிளம்பினார். எங்கள் சம்பளத்துக்குக் கடன் கேட்கத்தான் போனார்.

மத்தியானம் முனீஸ்வரி வயிறு வலிக்கிறது என்றாள். கைகால் சில்லிட்டிருந்தது. நாடி விரலுக்குச் சரியாக அகப்படவில்லை. போனை எடுத்தேன். கூப்பிட்டால் அரைமணியில் வந்துவிடுவார். வந்தால் காலையிலேயே காய்ச்சல் விட்டதை அவள் சொல்வாள், அவர் அட்டையைப் பார்ப்பார், நம்பிய ஆளே இப்படிச் செய்தாளே என்று அவர் மனசு உடைந்துவிடும். அவருக்காகத்தான் போனைக் கீழே வைத்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய், ஐயா. எனக்காகத்தான் வைத்தேன். டிரிப்சைக் கொஞ்சம் வேகமாக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ஐந்து மணிக்கு அவள் போய்விட்டாள். "நீங்க நல்லாத்தானேக்கா பாத்தீக" என்று அவள் புருஷன் சுருளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரை விட்டுவிடுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. முனீஸ்வரியைக் கொன்றவள் நான்.

கம்பத்தில் கடன் கிடைத்திருந்தது. மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.