அம்புக்குறி வரைந்த அண்ணலுக்கு

அலைகள் ஆயிரம் வந்தும் ஆளொருவர் வந்திறங்காத கரையில், வருவார் வருவார் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் வழிமேல் விழி வைத்த வள்ளலே! வராத விருந்தினருக்கு வரவேற்பு வளைவு எழுப்பிய வித்தகரே! கொமோரோ தீவின் குன்றாத கனவே! சுற்றுலா மேம்பாட்டு அலுவலகத் தலைவராய் வீற்றிருந்து இன்று விடைபெறும், எங்கள் அன்புக்கும் அவ்வப்போது அச்சத்துக்கும் உரிய ஷான்ஃபி இபுரோய் அவர்களே!

கனவு காண்பதைத் தாங்கள் கடமையாகவே செய்தீர்கள். பிற்பகலில் கர்த்தாலா மலைமேல் மேகம் சாயும்போது தாங்களும் நாற்காலியில் சாய்வீர்கள். அதைத் தூக்கம் என்போர் அறியாதார்! அந்த மூடிய இமைகளுக்குள் வெள்ளைக் கப்பல்கள் மிதந்து வந்தன. பெண்களுக்கெனத் தனி நீச்சல்குளம் தளும்பியது. அறைதோறும் தொழுகை விரிப்பு தானே விரிந்தது. தூரதேசத்துக் குடும்பங்கள் நிலவொளியில் நின்று ஆமைகள் கரையேறுவதைப் பார்த்தன. கண் விழித்ததும் அத்தனையும் கோப்பில் ஏறும். அக்கோப்புகளைப் படித்த உயிர் கரையான் ஒன்றுதான். அதுவும் ஒரு பக்கம் விடாமல் படித்தது.

சென்ற ஆண்டு கடல்தாண்டி ஒரு மாநாட்டுக்குப் போய், 'முஸ்லிம் பயணிகளுக்கு உகந்த இடம்' என்னும் புதுச்சொல்லோடும், எழுபத்து மூன்று கேள்விகள் கொண்ட படிவத்தோடும், தொழும் திசை காட்டும் பளபளப்பான திசைகாட்டி ஒன்றோடும் திரும்பினீர்கள். தடுக்கி விழுந்தால் பள்ளிவாசல் படியில் விழும் இத்தீவு முஸ்லிம்களுக்கு உகந்ததுதானா என்ற ஐயம் அன்றுதான் பிறந்தது. அப்படியோர் ஐயம் கொள்ளத் தங்களைப் போன்ற பேரறிவு வேண்டுமல்லவா!

மிட்சாமியூலிக் கடற்கரையில், கணவர் காலமான பிறகு தனியாளாய் நான்கு அறை விடுதி நடத்திவரும் மொய்னைஷா அம்மாளுக்கு அந்தப் படிவத்தை நிரப்பித் தாங்கள் வழங்கும் சான்றிதழ் உயிர்நாடியாய் இருந்தது. மலேசியாவிலிருந்து பதினெட்டுப் பேர் வருவதாக இருந்தார்கள். சான்றிதழ் இருந்தால் மட்டுமே தங்குவோம் என்றிருந்தார்கள். அவர்கள் தங்காவிட்டால் விடுதியைப் பூட்டிவிட்டு, கடல்கடந்து மார்செய் நகரில் மகள் வீட்டில் போய் ஒண்டிக்கொள்வதே அவருக்கு மிச்சம்.

ஆய்வுக்குத் தாங்கள் எழுந்தருளிய நாளை மறப்போமா? அறுபது கேள்விகள் அமைதியாய்க் கடந்தன. அறுபத்தொன்றாவது, அறைகளில் தொழும் திசை குறிக்கப்பட்டுள்ளதா என்பது.

"எதுக்குப் பெரியவரே? கடல் பக்கம் திரும்பினா கிப்லா. சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லுமே" என்றார் மொய்னைஷா அம்மாள்.

தாங்களோ எரிமலைக் கருங்கல் பாவிய தரையில் திசைகாட்டியை வைத்தீர்கள். கல்லுக்குள் கிடக்கும் இரும்பு இழுக்க, முள் மயங்கிச் சுழன்று அடுக்களையைப் பார்த்து நின்றது. கல்லின் குணத்தை நாங்கள் காதோடு சொன்னோம். "இயந்திரம் பொய் சொல்லாது" என்று முழங்கி, நான்கு அறைகளிலும் தங்கள் திருக்கரத்தாலேயே பச்சை அம்பு தீட்டினீர்கள்.

"அந்தப் பக்கம் என் அடுப்புதான் இருக்கு, பெரியவரே. என் பிலாவுச் சோறு ருசியாத்தான் இருக்கும். அதுக்காக அதைப் பார்த்துத் தொழணுமா?"

அன்று மாலையே அம்மாள் அம்புகள்மேல் வெள்ளையடித்துவிட்டார். அம்பில்லையேல் சான்றிதழில்லை என்றீர்கள். "பொய் அம்பு காட்டி வாங்குற காகிதம் எனக்கு வேணாம்" என்றார் அவர். தாங்கள் அதோடும் நில்லாமல், ஊர்ப் பள்ளிவாசலே கோணலாய்க் கட்டப்பட்டிருக்கிறது என்று இமாமுக்கு மடல் வரைந்தீர்கள். "திருப்பி வைக்க ஆள் அனுப்புங்க, தேத்தண்ணி நான் போட்டு வைக்கிறேன்" என்று மறுநாளே பதில் வந்தது.

வியாழனன்று பதினெட்டுப் பேரும் வந்திறங்கினார்கள்; அலுவலக முறைப்படி வரவேற்கத் தாங்களும் நாங்களும் அங்கே நின்றோம். சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றதும், திரும்பிப் போகத் தயாராய் வண்டிக்காரர் இயந்திரத்தை அணைக்காமல் வைத்திருந்தார். அந்நேரம் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது. தொழுதுவிட்டுப் புறப்படலாம் என்று முற்றத்தில் வரிசையாய் நின்றவர்கள், தாங்கள் அணிந்திருந்த வெள்ளங்கியையும் பூத்தையல் தொப்பியையும் கண்டு, "நீங்களே முன்னால நின்னு தொழவைங்க" என்று வேண்டினார்கள்.

முன்னால் போய் நின்றீர்கள். பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தீர்கள். காற்றில் இலாங் பூ மணந்தது. கடல், தூங்கும் குழந்தையின் மூச்சுப்போல் ஏறி இறங்கியது. நெடுநேரம் அந்த முள்ளையே பார்த்திருந்த தாங்கள், அதை மூடிப் பையில் போட்டுவிட்டுக் குரல் கொடுத்தீர்கள்:

"மொய்னைஷா! எந்தப் பக்கம்மா?"

அடுக்களை வாசலிலிருந்து ஓர் அகப்பை நீண்டது. "தண்ணி மினுங்குதுல்ல பெரியவரே, அங்க."

தாங்கள் திரும்பினீர்கள், பதினெட்டுப் பேரும் திரும்பினார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளில், படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றைத் தாங்கள் கேட்டு அன்றுதான் கண்டோம். ஐயா, எத்தனையோ விழாக்களில் தங்களுக்காகக் கைதட்டியிருக்கிறோம், அலுவலக ஒழுங்கு கருதி. அன்று தட்டவில்லை; யாரும் சொல்லாமலே தங்கள் பின்னால் வரிசையில் போய் நின்றோம்.

தொழுகை முடிந்ததும் விரிப்பில் அமர்ந்தபடியே முழங்கால்மேல் வைத்துப் படிவத்தை நிரப்பினீர்கள். அறுபத்தொன்றாம் கேள்விக்கு எதிரே, "ஆம். விடுதிக்காரரைக் கேட்கவும்" என்றிருந்தது. தாங்கள் எழுதியவற்றுள் கரையான் தொடாதது அந்த ஒரு வரி; அது இன்று விடுதி வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வண்டி வெறுமையாய்த் திரும்பியது. விருந்தினர் ஒன்பது நாள் தங்கினார்கள்.

பணிச்சுமை நீங்கிய தங்கள் நாள்கள் நோயின்றி நீள்க! உண்பது செரிக்க, உறக்கம் இனிக்க, உற்றார் சூழ, நூறாண்டு தாண்டியும் நடை தளராதிருக்க இறைவன் அருள்க! அடுத்த மாதம் மேலும் பன்னிரண்டு பேர் வருகிறார்களாம். தாங்களும் அன்று வரவேண்டும் என்று மொய்னைஷா அம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் சொன்னபடியே படிக்கிறோம்:

"பெரியவர் கட்டாயம் வரணும். முன்னால நிக்க வேணாம், வரிசையில நின்னாப் போதும். பிலாவுக்கு மட்டும் முதல் ஆளா உட்காரட்டும்."

தாங்கள் சொன்னதையெல்லாம் எழுதியும், எழுதியதில் பாதியை நம்பியும் உடன் உழைத்த
அலுவலகப் பணியாளர்கள் நால்வர்