சிங்கத்தைக் கட்டிய கயிறு

திருமானூரில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களில் இளையவரான கொத்தனார்தான் ஆரம்பித்தார்.

"நேத்து சிங்கத்தைக் கயித்தால கட்டினேண்ணே."

"எந்தச் சிங்கத்தை?"

"அரியலூர் கடைவீதியில அந்தப் பழைய ஜவுளிக்கடை இருக்குல்ல, அதுக்கு மேல வரிசையா இருக்குமே, சுடுமண் சிங்கம். சிமெண்ட் லாரி போறப்பல்லாம் ஒண்ணு ஆடுதுன்னு மொதலாளி கட்டச் சொன்னாரு."

"கட்டிட்டல்ல, அப்புறம் என்ன?"

"கட்டுறப்பத்தான் தெரிஞ்சுது. ஆடுறது சிங்கம் இல்லண்ணே, செவுரு."

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். தீபாவளி யாவாரம் முடியட்டும்னுட்டாரு."

மற்றவர் அவசரமாகச் செல்போனை எடுத்துக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எம் பொண்ணு அங்கதான்டா வேலை பாக்குறா. உள்ள போறப்பவே போனை வாங்கி வச்சுக்குவாங்க."

எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு சிமெண்ட் லாரி அரியலூர்ப் பக்கம் போனது.