இறக்காத மாட்யூல்

சர்வர் அறைக்குள் டீ குடிக்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவன் நான்தான். இருபத்திரண்டு வருடத்தில் நானே அதை ஒருமுறைகூட மீறியதில்லை. ஆள் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன், ஐயா.

ஆஸ்பத்திரியில் என்னைப் பெட்டிக்காரர் என்பார்கள். நோயாளிகளின் கோப்புகள் அத்தனையும் என் பெட்டியில்தான் இருந்தன. பழைய சர்வர். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. நிறுத்தாமலே, ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய மாட்யூலை, அதாவது ஒரு வேலைக்கான சின்ன நிரலை, ஏற்றலாம், வேண்டாமென்றால் இறக்கலாம். ஒரு வரி தட்டினால் போதும். அச்சுப்பொறிக்கு ஒன்று, காப்பு நகலுக்கு ஒன்று என்று பதினாறு மாட்யூல்கள் ஏற்றியிருந்தேன். அவற்றில் நான்கு நானே எழுதியவை.

போன மாதம் புதுப் பொறியாளர் வந்தார். சின்ன வயசுப் பெண், மரியாதை தெரிந்தவர். "சார், உங்க சர்வரை நான் குறை சொல்லல. அதுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். புதிய சர்வரைப் பக்கத்து அறையில் வைத்தார்கள். வார்டில் பதிவதெல்லாம் இரண்டுக்கும் போகும்; திறந்து பார்ப்பது மட்டும் இன்னும் என் பெட்டியில்தான். தினமும் மதியம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். மூன்று வாரம் ஒத்துப்போனால் என் பெட்டியை அணைத்துவிடலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். பத்தொன்பது நாள் ஒத்துப்போயிற்று.

இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு மாட்யூலை ஏற்றினேன். தகவலைச் சேமிக்கும் வட்டு பழுதாக இருந்த காலத்தில் நான் எழுதியது. வரும் பதிவுகளை வட்டில் உடனே எழுதாமல் நினைவகத்தில் நிறுத்தி வைக்கும். அந்த நாட்களில் ஓரிரு நொடிதான் நிறுத்தும். இந்த முறை நான் இறக்கும்வரை நிறுத்தச் சொன்னேன். கோப்பைத் திறப்பவர்களுக்குப் பழைய பதிவுதான் தெரியும். இரண்டு சர்வரும் முரண்பட்டால் யார் பேச்சு எடுபடும்? இருபத்திரண்டு வருடம் உழைத்ததா, நேற்று வந்ததா? நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு இரண்டாம் மாடி நர்ஸ் போன் செய்தாள்.

"அண்ணே, பஸ் டிரைவர் ஒருத்தர் நேத்து அட்மிட் ஆனாரு. அந்தக் காய்ச்சல் ஊசி அவருக்கு ஆகாதாம், சின்ன வயசுல செத்துப் பொழைச்சிருக்காரு. அவங்க அக்கா சொன்னாங்க. பத்தரைக்கே அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். இப்ப திறந்து பாத்தா காணோம்."

"வந்துரும்மா. மறுபடி ஏத்தாதே, ரெண்டு தடவை பதிவாயிடும்."

"சரிண்ணே. நீங்க சொன்னா சரி."

சந்தேகம் வேண்டாமென்று நானே மாடிக்குப் போனேன். டிரைவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் நர்ஸ் மேசைக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டு டிரைவர், "என்ன சார், அதுக்கும் காய்ச்சலா? பக்கத்துக் கட்டில் காலியாத்தான் இருக்கு" என்றார். நானும் சிரித்தேன். நல்ல மனிதர். டாக்டர் நாலு மணிக்குத்தான் வருவார் என்று பலகையில் எழுதியிருந்தது. நேரம் இருக்கிறது என்று கீழே இறங்கிவிட்டேன்.

மதியம் ஒப்பிட்டபோது முரண்பாடுகள் கொட்டின. பொறியாளரின் முகம் வெளுத்துவிட்டது. இயக்குநர் இரண்டு மணிக்கு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். அதற்குள் ஒரு மணியோடு நர்ஸின் ஷிப்ட் முடிந்து வேறொருத்தி வந்திருந்தாள்.

ஒன்று நாற்பதுக்கு, யார் எந்தக் கோப்பைத் திறக்கிறார்கள் என்று காட்டும் திரையில் டிரைவரின் எண் வந்தது. டாக்டரின் மேசையிலிருந்து. சீக்கிரமே வந்துவிட்டார் போலிருக்கிறது. என் விரல் விசைமேல் இருந்தது. இறக்கு என்று ஒரு வரி தட்டினால் நான்கு நொடியில் எல்லாப் பதிவும் வட்டுக்குப் போய்விடும். ஆனால் முரண்பாடும் மறைந்துவிடும். இயக்குநர் வர இருபது நிமிடம் இருந்தது. போனும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துச் சொன்னால், அது கோப்பில் ஏன் இல்லை என்று கேட்பார்கள்.

கோப்பு மூடப்பட்டது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இயக்குநர் வந்தார், பார்த்தார், புதிய சர்வரைத் தள்ளிப்போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு இருபதுக்கு மாட்யூலை இறக்கினேன். அந்த ஊசி ஏறி டிரைவர் இறந்து அப்போது பத்து நிமிடம் ஆகியிருந்தது.

காத்திருந்த முப்பத்தொரு பதிவும் இரண்டு இருபது என்ற நேரத்தோடு வட்டில் ஏறின. மற்ற முப்பதை யாரும் திறக்கவில்லை. டிரைவரின் கோப்பைத்தான் திறந்தார்கள். ஆள் இறந்த பிறகு, வீட்டிலிருந்தபடி யாரையோ பிடித்து நர்ஸ் பதிவை ஏற்றியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். மறுநாள் வராந்தாவில் டிரைவரின் அக்கா அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையிலயே சொன்னேனேம்மா, நீயும் சரின்னியேம்மா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நான் போன் பண்ணேன்ல? நீங்களாவது சொல்லுங்கண்ணே."

தினம் பத்துப் போன் வருகிறது, எது என்று நினைவில்லை என்றேன். தினம் பத்துப் போன் வருவது உண்மைதான்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அறிக்கை கேட்டபோது, சர்வரின் கடிகாரம் துல்லியமானது என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் உண்மை. பத்தரைக்கே பதிவு வந்ததாகப் புதிய சர்வர் காட்டுகிறதே என்று பொறியாளர் மன்றாடினார். அதுதான் தப்பும் தவறுமாக ஓடுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டதே என்றார் இயக்குநர்.

அந்தப் பொறியாளர் பெண் விடவில்லை. மற்ற முப்பது கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார். எல்லாவற்றிலும் அதே இரண்டு இருபது. பிறகு எந்த மாட்யூல் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்பையும் எடுத்துவிட்டார். என் அறை வாசலில் நின்று, "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குறிப்பை நான் அழித்திருக்கலாம். வழி தெரியும், நாளும் இருந்தது. ஆனால் அப்படிச் செய்கிற ஆள் நான் இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஏற்றியது நான். அந்த ஊசி அவரைக் கொல்லும் என்று தெரிந்தே இறக்காமல் இருந்ததும் நான்தான். அந்த நர்ஸ் மேல் தப்பில்லை. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு பதிவில் ஒன்றைக்கூட என் சர்வர் தொலைக்கவில்லை.