நூல் கட்டின காய்

— இன்னிக்கும் ஏமாந்தேன் பாரு. கொடியில ஊதாவா மின்னுச்சு, வெந்ததும் வெறும் பச்சை. சின்னப் பிள்ளையிலேர்ந்து இந்த பீன்ஸ்கிட்ட இதே கதைதான். சாயம் போன சட்டைன்னு தம்பி சிரிப்பான்.

— ம்.

— மஞ்சள் காய் மட்டும் அப்படியே இருக்கு. அழுத்தக்காரி, உன்னை மாதிரி. தட்டைப் பிடி. அவன் போய்ப் பதினோரு நாளாச்சு, நீ காபியிலயே காலத்தை ஓட்டறே.

— போதும் அண்ணி.

— போடவே இல்லை, அதுக்குள்ள போதுமா? என் தம்பி இருந்தா உன்னை விட்டிருப்பானா? சரி, ஒரு தடவை அழுதுடும்மா.

— வரலை அண்ணி.

— காலையில எனக்கு ரயில். போறதுக்கு முன்னாடி கொஞ்சம் விதை குடு, எங்க வீட்டுலயும் போடறேன். அந்த பிஸ்கட் டப்பா எங்க?

— அலமாரியில, மேல்தட்டுல. காலி.

— காலின்னா?

— இந்த வருஷம் எல்லா விதையையும் தொட்டியில போட்டுட்டார். மாடி முழுக்கக் கொடி வேணும்னார்.

— அடப்பாவி! அப்போ விதைக்குன்னு கொடியில விட்ட காய்?

— காலையில பறிச்சீங்களே.

— நானா? இரு, இரு. நூல் கட்டின காயைத் தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அப்பா காலத்துலேர்ந்து சிவப்பு நூல் கட்டினாத்தான் அது விதைக்காய். ஒண்ணுலயும் நூல் இல்லையே! டப்பாவுல விதை இருக்கும், அதான் அவன் கட்டலைன்னு நெனச்சு மொட்டையடிச்சேன்.

— கட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்கு. கீழே வண்டி நின்னுக்கிட்டிருந்துது. பன்னெண்டு காய்க்குக் கட்டிட்டுத்தான் இறங்கினார். அடுத்த வருஷத்துக்குன்னார்.

— ஐயோ. அதான் சிலது முத்திப்போய்க் கிடந்துது. நார் உரிச்சு உரிச்சு நகமே வலிக்குது. நீ பக்கத்துலதானே நின்னே? வாயைத் திறந்திருக்கக்கூடாதா?

— கூடை பிடிச்சுக்கிட்டிருந்தேன்.

— கொடியில பிஞ்சு, பூ ஏதாவது?

— இல்லை. கொடி பழுத்துடுச்சு. நானும் தண்ணி விடலை.

— அப்பா கையிலேர்ந்து வந்த விதைம்மா. வேற எங்க கிடைக்கும்? காத்துல நூல் அவிழ்ந்து விழுந்திருக்கும், கண்ணு தெரியாத முண்டம் நான், பார்க்கலை. அவன் ஆசையா விட்டுட்டுப் போனதை என் கையாலயே வேக வெச்சு இறக்கியிருக்கேன். ஏதாவது பேசேன். திட்டவாவது செய்யேன்.

— உங்க மேல தப்பில்லை அண்ணி. காத்துல ஒண்ணும் விழலை. நேத்து சாயங்காலம் பன்னெண்டு நூலையும் நான்தான் அவிழ்த்தேன். அவர் இல்லாம என்ன அடுத்த வருஷம்? தட்டுல போடுங்க, ஆறிடப் போகுது.